புது டிஸ்க் என்பது வெறுங்காணி

"தம்பி, புது டிஸ்க் வாங்கியாச்சு. இனி விண்டோஸை அடிச்சுத் தந்தாச் சரிதானே? மூண்டு மணி பஸ்ஸுக்கு நான் போகவேணும்."

விசுவமடுப் பக்கத்திலிருந்து வந்த ரீச்சர் ஷொப்பிங் பைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தபோது நேரம் பத்தரை. கொம்பியூட்டரின் கேசிங்கை முதல்நாளே மகன் பழைய சாரமொன்றால் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தான். கிளிநொச்சியில் என்னுடையது சின்னக் கடை. போட்டோக்கொப்பி மெஷின் ஒன்று, ரைப் செய்ய இரண்டு கொம்பியூட்டர், மூலையில் திருத்த வந்து குவிந்த பெட்டிகள். டிஸ்க்கில் விண்டோஸ் இயங்குதளத்தை நிறுவுகிற வேலையை இங்கே வருகிற எல்லோரும் ஒரே பெயரில்தான் சொல்வார்கள்: விண்டோஸ் அடிக்கிறது. சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற மாதிரி. சுவர் நிற்கிறதா, அத்திவாரம் எங்கே என்ற கதை எடுபடாது.

"ரீச்சர், அடிக்கிறது அரை மணித்தியாலம். அதுக்கு முதல் செய்யிறதுதான் வேலை. நாளைக்குப் பின்னேரம் வாங்கோ."

அவருக்கு முகம் சுருங்கியது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தபடியால் போகவில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, விடைத்தாள் திருத்துகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் செய்வதைப் பார்க்கத் தொடங்கினார். நான் இதை எழுதுவதே அவர் அன்று கேட்ட கேள்விகளால்தான்.

கேசிங்கைத் திறந்தால் வழமைபோலக் கிரவல் புழுதி. ஃபானுக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டை. பழைய டிஸ்க் 500 ஜிபி. வயது பத்துக்கு மேல். முதல்நாள் ஒருக்கால் ஓன் பண்ணிப் பார்த்தபோது டிக், டிக் என்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் கேட்டால் அதில் எந்தச் சோதனையும் ஓட்டக்கூடாது. ஒவ்வொரு முறை சுழலும்போதும் அதற்கு மிச்சமிருக்கிற ஆயுளில் ஒரு துண்டு போகும். கழற்றி ஒரு பையில் போட்டு மேல் தட்டில் வைத்தேன். அது கடைசியில்தான் இறங்கும், கொப்பி எடுப்பதற்கு மட்டும்.

புது டிஸ்க்கைப் பூட்டும்போது ஒரு சின்ன விஷயம். மூன்றரை அங்குல ஹாட் டிஸ்க்குக்குப் போகும் ஸ்குறூ கொஞ்சம் தடித்தது, புரி அகலமானது. டிவிடி ட்ரைவுக்குப் போவது மெல்லிய புரி. இரண்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். மாறிப் பூட்டினால் ஒன்று வழுகும், மற்றது புரியைத் தின்னும். பழகிய விரலுக்கு ஒரு சுற்றிலேயே தெரிந்துவிடும். பழகாதவர்கள் தயவுசெய்து பலத்தைப் பாவிக்க வேண்டாம்.

பென்ட்ரைவில் இருக்கும் லினக்ஸ் மின்ற் என்ற இலவச இயங்குதளத்தில் மெஷினை எழுப்பினேன். டிஸ்க் தெரிந்தது: 931 ஜிபி.

"கடைக்காரன் ஒரு ரெறாபைற் எண்டெல்லோ தந்தவன். உதில 931 எண்டு கிடக்கு. ஏமாத்திப்போட்டானோ?"

ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்கிறவர்களுக்கு ஒரு ரெறாபைற் என்பது ஒன்றுக்குப் பின்னால் 12 பூச்சியம், அவ்வளவு பைற். கொம்பியூட்டர் 1,024 ஐ 1,024 ஆல் பெருக்கி, திரும்பவும் 1,024 ஆல் பெருக்கி வருவதை ஒரு ஜிபி என்று எண்ணுகிறது. அந்தப் பெரிய கொத்தால் அளந்தால் 931 கொத்துத்தான் வரும். ரீச்சருக்கு விளங்கவைக்க எனக்கு அப்பாவின் காணிக் கணக்கு உதவியது. அப்பா யாழ்ப்பாணத்தில் பிறந்து வன்னிக்கு வந்தவர். அங்கே காணி அளப்பது பரப்பில். ஆனால் பரப்பிலும் இரண்டு உண்டு. வரகுப் பரப்பு 16 சேர்ந்தால் ஒரு ஏக்கர். நெற்பரப்பென்றால் 24 வேண்டும். பெயர் ஒன்று, அளவு இரண்டு. உறுதிப் பத்திரத்தில் எந்தப் பரப்பென்று பாராமல் காணி வாங்கினவன் பிறகு வேலியில் நின்று சண்டை பிடிப்பான்.

"அப்ப கடைக்காரன் அளந்தது நெற்பரப்பு" என்றார் ரீச்சர். சரிதான்.

புதிது என்று வருவதெல்லாம் புதிதும் அல்ல. எந்த டிஸ்க்கும் தன் வரலாற்றைத் தானே எழுதி வைத்திருக்கும். ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். அதில் நான் முதலில் பார்ப்பது எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்ற கணக்கு. பெட்டி உடைக்காத டிஸ்க்கில் அது பூச்சியமாக, மிஞ்சினால் ஒன்றிரண்டாக இருக்கவேண்டும். 2022இல் டொலர் ஏறி எல்லாப் பொருளும் யானை விலைக்குப் போன காலத்தில், மல்லாவியிலிருந்து ஒரு பெடியன் 'புது' டிஸ்க் கொண்டுவந்தான். பளபளவென்று ஸ்ரிக்கர். கணக்கைப் பார்த்தால் 26,000 மணித்தியாலத்துக்கு மேல். மூன்று வருடம் இரவு பகலாக எங்கோ ஒரு கமரா ரெக்கோடருக்குள் ஓடியிருக்கவேண்டும். விற்ற கடை எதுவென்று இங்கே சொல்லவில்லை. பெடியன் காசைத் திருப்பி வாங்கிவிட்டான். அந்தக் கணக்கையே பூச்சியமாக்கி விற்கிறவர்களும் உண்டு. ஆகையால் கேபிள் பூட்டுகிற இடத்தில் கீறல் இருக்கிறதா, ஸ்குறூ ஓட்டையில் பெயின்ற் உரிந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். டிஸ்க்கின் சின்னத் துண்டு ஒவ்வொன்றுக்கும் செக்டர் என்று பெயர். அதோடு இன்னும் இரண்டு எண்: ஏற்கனவே பழுதாகி மாற்றப்பட்ட செக்டர், பழுதாகலாம் என்று காத்திருக்கிற செக்டர். புது டிஸ்க்கில் இரண்டும் பூச்சியம். ஒன்றாவது ஏறியிருந்தால் அந்த டிஸ்க் திரும்பப் போகவேண்டும், பேச்சே இல்லை.

ரீச்சரின் டிஸ்க் சுத்தம். ஓடியது பூச்சிய மணித்தியாலம். நீளச் சோதனையைத் தட்டிவிட்டேன். டிஸ்க் தன் முழு மேற்பரப்பையும் தானே வாசித்துப் பார்க்கிற சோதனை அது; ஒரு ரெறாபைற்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் போகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதற்காகவே கடையில் ஒரு யுபிஎஸ் இந்த மேசைக்கு மட்டும்.

நடுவில் கரண்ட் போவது என்றதும் எனக்கு 2003 ஞாபகம் வரும். கிளிநொச்சியில் ஒரு ரியூசன் கொட்டிலுக்குள் நாங்கள் எட்டுப் பேர் கொம்பியூட்டர் படித்தோம். ஏ9 பாதை திறந்த பிறகு சாமான்கள் வரத் தொடங்கியிருந்தன; கரண்ட் வரவில்லை. வெளியே மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர். பெற்றோலில் இழுத்து எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஒரு நாள் 40 ஜிபி டிஸ்க் ஒன்றை படிப்பித்த சேர் எங்களையே ஆயத்தம் செய்யச் சொன்னார். பின்பக்கத்தில் குட்டி ஜம்பர் ஒன்றைப் பிடுங்கி 'மாஸ்டர்' என்ற இடத்தில் குத்தவேண்டும்; விழுந்தால் மண் தரையில் தேடிப் பிடிக்க அரை நாள். விண்டோஸ் 98 பிளொப்பியைப் போட்டு டிஸ்க்கைப் பிரிக்கிற எஃப்டிஸ்க் கட்டளையை அடித்தால், பெரிய டிஸ்க் ஆதரவு வேண்டுமா என்று முதல் கேள்வி கேட்கும். வை என்ற எழுத்தை யார் அமத்துவது என்று எங்களுக்குள் போட்டி. பிறகு போமற், கோப்புகள் ஏறுவதற்கு டிஸ்க்கை ஆயத்தம் செய்வது. கறுப்புத் திரையில் ஒவ்வொரு வீதமாக ஏறும். எட்டுத் தலையும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். 61 வீதத்தில் ஜெனரேற்றர் இருமியது, 63இல் நின்றது. சேர் ஒன்றும் சொல்லவில்லை. போத்தலை எடுத்துக்கொண்டு மண்ணெண்ணெய் வாங்கப் போனார். திரும்பி வந்து, பூச்சியத்திலிருந்து.

இப்போது போமற் இரண்டு விநாடியில் முடிகிறதே என்று கேட்பார்கள். அது விரைவுப் போமற். பதிவுப் புத்தகத்தைப் புதிதாகத் திறந்து வைக்கிறது, வயலுக்குள் கால் வைப்பதில்லை. விண்டோஸ் விஸ்ராவிலிருந்து முழுப் போமற் என்றால் டிஸ்க் முழுக்கப் பூச்சியம் எழுதும். புது ஹாட் டிஸ்க்குக்கு ஒருக்கால் அதைச் செய்வது எனக்குப் பிடிக்கும். பழுதான செக்டர் இருந்தால், பிள்ளைகளின் படம் ஏறுவதற்கு முதலே மாட்டிக்கொள்ளும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டிக்கு இது தேவையில்லை. வீண் தேய்மானம்.

அடுத்தது பார்ட்டிசன் அட்டவணை, டிஸ்க்கைத் துண்டு பிரித்த கணக்கு. இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

புது டிஸ்க் என்பது வெறுங்காணி. எல்லைக்கல் இல்லை, வரம்பு இல்லை, பெயர் இல்லை. எவன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறான் என்று ஒரு பதிவு எழுதினால்தான் அதற்குள் ஒருவன் குடியிருக்கலாம். அந்தப் பதிவை எழுத இரண்டு முறை உண்டு. பழையது எம்பிஆர், 1983இல் டொஸ் 2.0 உடன் வந்தது. டிஸ்க்கின் முதல் செக்டரில், 512 பைற்றுக்குள், எழும்புகிற கட்டளையும் காணிப் பதிவும் சேர்ந்து இருக்கும். பதிவில் நாலு வரிக்குத்தான் இடம். அது ஒரேயொரு பிரதி. அந்த ஒரு செக்டர் போனால் உறுதி போய்விட்டது.

புதியது ஜிபிடி. 128 வரிக்கு இடம். அதைவிட எனக்குப் பிடித்தது, பதிவின் பிரதி ஒன்று டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். இரண்டிலும் சரிபார்க்கும் எண் உண்டு. முன்னுக்கு இருப்பது கெட்டால் பின்னுக்கு இருப்பதைக் கொண்டு திருத்தலாம். எங்களுக்கு 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அப்பப்பாவுக்குக் கிடைத்த வயல் ஒன்று இருக்கிறது. அதன் அனுமதிப்பத்திரமான பேமிற்றை அம்மா பொலித்தீன் பையில் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார். திரும்பி வந்தபோது வயலில் எல்லைக்கல் இல்லை, வரம்பு இல்லை, இடுப்பளவு பற்றை. கந்தோரில் இருந்த பிரதியும் சண்டையோடு போய்விட்டது. அம்மாவின் பை மட்டும் மிச்சம். பதிவு இரண்டு இடத்தில் இருப்பதன் அருமை எனக்கு ஜிபிடி பற்றி வாசிக்கும் முதலே தெரியும்.

எம்பிஆருக்கு இன்னொரு குறை, அளவு. செக்டரை எண்ண அதற்கு 32 பிற் மட்டும். 512 பைற் செக்டராக எண்ணினால் 2 ரெறாபைற்றைக் கொஞ்சம் தாண்டியதும் எண் முடிந்துவிடும். முல்லைத்தீவுப் பக்கத்து ஸ்ரூடியோ அண்ணை ஒருவர் 4 ரெறாபைற் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து, "பாதியைக் காணேல்லை" என்று நின்றார். 2,048 ஜிபி பாவிக்கலாம். மிச்சம் 1,677 ஜிபி கறுப்புக் கோட்டோடு சும்மா கிடந்தது. ஜிபிடிக்கு மாற்றியதும் முழுக் காணியும் வந்தது.

அந்த அண்ணை என்னிடம் திரும்பி வந்ததே பெரிய விஷயம். 2012இல் அவருக்கு நான் செய்தது அப்படி.

அவருடைய மெஷினுக்குப் புது 500 ஜிபி டிஸ்க் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவருடைய பழைய 500 ஜிபியும் பூட்டியபடி இருந்தது. கலியாண வீடியோக்கள் எல்லாம் அதில். விண்டோஸ் செற்றப்பில் ஷிஃப்ட்டோடு எஃப்10 ஐ அமத்தி, டிஸ்க் பிரிக்கிற டிஸ்க்பார்ட் கருவிக்குள் போய், லிஸ்ட் டிஸ்க் என்று அடித்தேன். டிஸ்க் 0, டிஸ்க் 1. இரண்டுக்கும் நேரே 465 ஜிபி. பூட்டிய ஒழுங்கில்தான் எண் வரும் என்று நானாக நினைத்து, ஒன்றைத் தெரிவுசெய்து, கிளீன் என்று அடித்தேன். டிஸ்க்பார்ட் நிச்சயமா என்று கேட்காது. ஒரு விநாடி. வெற்றிகரமாகச் சுத்தம் செய்யப்பட்டது என்று ஒரு வரி.

சுத்தம் செய்யப்பட்டது கலியாண வீடுகள்.

அந்த வருடங்களில் இங்கே கலியாணம் கட்டிய சனத்திடம் பழைய அல்பம் என்று ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை. அதனால் புதிதாக எடுத்த படத்தை உயிரைப்போல வைத்திருந்தார்கள். எனக்குக் கை குளிர்ந்துபோனது. அண்ணை வெளியே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நல்லகாலம், கை நடுங்கியபடியால் அடுத்த கட்டளையை அடிக்கவில்லை. கிளீன் அழிப்பது பதிவை மட்டும். வயல் அப்படியே கிடக்கும். ஜிபிடியாக இருந்தாலும் கடைசியில் இருக்கிற பிரதியையும் சேர்த்துத்தான் அழிக்கும், ஆகவே அதை நம்பிப் பயனில்லை. ஆனால் அதற்குமேல் புதிதாக எழுதாதவரைக்கும் எல்லை தேடிப் பிடிக்கலாம். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் நில அளவையாளன் மாதிரி டிஸ்க் முழுக்க நடந்து, இந்த இடத்தில் ஒரு பார்ட்டிசன் தொடங்கிய அடையாளம் இருக்கிறது, இங்கே முடிந்திருக்கிறது என்று சொல்லும். இரண்டு எல்லை கண்டுபிடித்தது. கோப்புகளைக் காட்டச் சொன்னேன். மாப்பிள்ளை, பொம்பிளை பெயர் போட்ட ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. பதிவைத் திருப்பி எழுதி, ரீஸ்ராட் பண்ணி, அண்ணையைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு கொப்பி எடுத்து வைக்கோணும் என்ன" என்றார்.

அன்றிலிருந்து எந்த மெஷினில் விண்டோஸ் அடித்தாலும் அதில் ஒரு டிஸ்க் மட்டும்தான் இருக்கும். மற்றதெல்லாவற்றின் கேபிளையும் கழற்றிவிடுவேன். வெளி டிஸ்க், பென்ட்ரைவ், மெமறி கார்ட் எல்லாம் மேசையில். கழற்ற முடியாத இடத்தில், லேபிளில் உள்ள தொடர் எண்ணைப் பேப்பரில் எழுதி, திரையில் வருவதோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் கை விசைப்பலகைக்குப் போகும். லினக்ஸில் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று வருகிற பெயர்களையும் நம்பக்கூடாது. அடுத்த முறை எழும்பும்போது ஆள் மாறியிருக்கலாம்.

சோதனை முடிந்தபோது ஒரு மணியாகிவிட்டது. ரீச்சர் பாணும் பருப்பும் வாங்கி வந்து எனக்கும் ஒரு பங்கு தந்தார். பிறகு காணி பிரித்தோம். எழும்புவதற்கான இஎஃப்ஐ பார்ட்டிசனுக்கு 512 எம்பி, ஃபாட்32 என்ற போமற்றில். விண்டோஸ் தன்பாட்டுக்குப் பிரித்தால் 100 எம்பிதான் எடுக்கும். இரண்டு இயங்குதளம் இருக்கப்போகிற இடத்தில் அது பிறகு நெருக்கும். விண்டோஸ் தனக்கென்று ஒதுக்குகிற 16 எம்பி ஒன்று. விண்டோஸுக்கு 150 ஜிபி. மின்ற்றுக்கு 60 ஜிபி. மிச்சம் ஏறத்தாழ 720 ஜிபி ரீச்சரின் சொந்தச் சாமானுக்கு. விண்டோஸ் இருப்பது சி, இது டி. நாளைக்கு வைரஸ் வந்து விண்டோஸைத் திரும்ப அடித்தாலும் அந்தக் காணிக்குள் யாரும் இறங்கவேண்டியதில்லை.

"அப்ப டியில போட்டாப் பயமில்லை."

பயம்தான் ரீச்சர். ஒரே டிஸ்க்கில் சியும் டியும் என்பது ஒரே குளத்துக்குக் கீழே இரண்டு வயல். 2018 டிசம்பரில் இரணைமடு வான் கதவுகளைத் திறந்தபோது வெள்ளம் யாருடைய வயல் என்று பார்த்தா போனது? டிஸ்க் செத்தால் இரண்டும் சாகும். வினாத்தாள்களை ஒரு பென்ட்ரைவிலாவது வேறாக வைத்திருங்கள் என்றேன். தலையாட்டினார். வைப்பாரோ தெரியாது.

இரண்டு இயங்குதளம் ஏன் என்று அவரும் கேட்டார். அவருடைய மெஷினில் இருப்பது நாலாம் தலைமுறை இன்ரெல் ஐ3 புரொசஸர். விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காது, ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதற்காக நல்லாய் ஓடுகிற மெஷினை எறியச் சொல்ல எனக்கு மனமில்லை. பழகிய வேர்ட்டுக்கு விண்டோஸ் 10. இன்ரநெற், வங்கி, பாஸ்வேர்ட் எல்லாம் மின்ற்றில். விண்டோஸை முதலில் அடித்து மின்ற்றைப் பிறகு அடிக்கவேண்டும். விண்டோஸை விரைவாக எழுப்புகிற ஃபாஸ்ட் ஸ்ராட்டப்பையும் நிற்பாட்டவேண்டும். இல்லாவிட்டால் டிக்குள் மின்ற்றை எழுதவிடாது.

பென்ட்ரைவிலிருந்து எழுப்பும்போது ஒரு இடத்தில் கனபேர் விழுவார்கள். பூட் பட்டியலில் அதே பென்ட்ரைவ் இரண்டு தரம் தெரியும், ஒன்றுக்கு முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும், புது முறையில் எழும்புவது அது. ஜிபிடி டிஸ்க்குக்கு அதைத்தான் தெரிவுசெய்யவேண்டும். மற்றதைத் தெரிவுசெய்தால், இந்த டிஸ்க் ஜிபிடி, இதில் நிறுவ முடியாது என்று விண்டோஸ் அடம்பிடிக்கும். உடனே டிஸ்க்கைக் குற்றம் சொல்லி எம்பிஆருக்கு மாற்றுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கதவை மாறித் தட்டிவிட்டு வீட்டை இடிக்கிற வேலை.

இரண்டே முக்காலுக்கு ரீச்சர் குடையை எடுத்தார். படலையடியில் நின்று திரும்பி, "பாமினி போட்டுவிடுங்கோ, மறந்துபோயிடாதேங்கோ" என்றார். பாமினி யூனிகோட்டுக்கு முந்திய தமிழ் எழுத்துரு. யூனிகோட் வந்து எத்தனை வருடம். ஆனாலும் பள்ளிக்கூட வினாத்தாள் இன்னும் பாமினியில்தான். இரண்டு இயங்குதளத்திலும் போட்டேன்.

இரவு, எல்லாம் அடித்து முடிந்த பிறகுதான் பழைய டிஸ்க்கை மேல் தட்டிலிருந்து இறக்கிப் பூட்டினேன். மின்ற்றில், வாசிப்பதற்கு மட்டும். டிக் டிக் என்றபடி விடியும்வரை கொடுத்தது. இரண்டு ஃபோல்டர் மட்டும் வரவில்லை.

மறுநாள் ரீச்சர் வந்ததும் முதல் வேலையாக அதைச் சொன்னேன். எந்த ஃபோல்டர் என்று கேட்டார். பெயரை வாசித்தேன்: 2016 தரம் ஐந்து புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள், ஒன்றும் இரண்டும்.

"அதுவோ? அது போகட்டும் தம்பி. அந்தக் கேள்வியளுக்கு எனக்கே இப்ப விடை தெரியாது."